இருபது கோடிச் சுற்றுகளுக்குப் பிறகு

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் பக்கம் போகும் மின்ரயில் பெரம்பூரைத் தாண்டியதும் அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் வரும். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். இரண்டுமே தொழிற்கூடத்தின் பெயரையே தாங்கி நிற்பவை. இவற்றில் கேரேஜ் ஒர்க்ஸ், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் தொடங்கிய பணிமனை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியதும் அதே ஆண்டு ஜூலை 1 அன்றுதான். வண்டி ஓட ஆரம்பித்த ஆண்டிலேயே வண்டியைப் பிரித்துப் பார்ப்பதற்கும் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. 1955-ல் நேரு திறந்துவைத்தது, வந்தே பாரத் பிறந்த இடம் என்றெல்லாம் பேசப்படும் இடம் அது. புதுப் பெட்டி வெளிவந்தால் படம் எடுத்துப் போடுவார்கள். பழைய பெட்டியைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்பினால் யாரும் எடுப்பதில்லை. ஆனால் நாம் ஏறி உட்காரும் பெட்டி புதிதாக இருந்த காலம் மிகக் குறைவு. அதன் ஆயுளில் பெரும்பகுதி ‘பழுது பார்க்கப்பட்ட பெட்டி’ என்ற நிலையிலேயே கழிகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பகுதியைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. நம் நெடுந்தூரப் பெட்டிகளின் புதுச் சக்கரத்துக்குக் குறுக்களவு 915 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.87 மீட்டர் நகரும். கிலோமீட்டருக்கு 348 சுற்று. சென்னையிலிருந்து புதுடெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். அதாவது ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் சுற்றுகள். இப்போது ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டிகளை 18 மாதம் அல்லது 6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது பணிமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 6 லட்சம் கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு அச்சும் 20 கோடி முறைக்கு மேல் சுழன்றிருக்கும்.

இந்த எண்ணைப் பெரிதுபடுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சு சுழலும்போது அதற்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். பெட்டியின் எடை அச்சின் இரண்டு முனைகளிலும், சக்கரங்களுக்கு வெளியே உள்ள பேரிங்குகளின் வழியாக இறங்குகிறது. சக்கரங்கள் அதற்கு உள்பக்கம் இருந்து தாங்குகின்றன. முனைகள் கீழே அழுத்தப்பட, நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேல்நோக்கி வளைகிறது. ஆகவே அச்சின் மேல்பக்கம் இழுபட்டு நிற்கும், கீழ்ப்பக்கம் நசுங்கி நிற்கும். அரைச் சுற்று திரும்பியதும் மேலே இருந்தது கீழே வந்துவிடும். இழுபட்ட இரும்பு இப்போது நசுங்குகிறது. வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் இந்த மாற்றம் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் நடக்கிறது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் பிள்ளைகள் செய்வதும் இதையேதான். வளைவின் அளவுதான் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியாளர்களுக்கு இது புதிராகவே இருந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ரயிலில் முன்னால் இருந்த எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்தவை அதன்மேல் ஏறிக் கவிழ்ந்து தீப்பற்றின. பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டிவைக்கும் வழக்கம் அன்று இருந்ததால் ஐம்பது பேருக்கு மேல் உள்ளேயே இறந்தார்கள். உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி துமோன் துர்வில் அவர்களில் ஒருவர். நல்ல இரும்பு, கணக்குப்படி தாங்கவேண்டிய எடையைவிடக் குறைவான எடை. பிறகு ஏன் முறிந்தது? ஓடி ஓடி இரும்பின் உள்கட்டமைப்பே மாறிவிடுகிறது, நார்போல் இருந்தது படிகமாகி உடையக்கூடியதாகிவிடுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அடுத்த ஆண்டே வில்லியம் ராங்கின் என்ற இளம் ஸ்காட்லாந்துப் பொறியாளர் முறிந்த அச்சுகளைப் பார்த்து வேறு விடை சொன்னார். அச்சின் தடிமன் திடீரென்று மாறும் கூர்மையான உள்மூலையில் ஒரு சிறு விரிசல் தொடங்குகிறது; அது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உள்ளே போகிறது; மிச்சம் இருக்கும் நல்ல இரும்பு எடையைத் தாங்க முடியாமல் போகும் நாளில் முறிகிறது. மூலையை வளைவாக்குங்கள் என்றார். இன்றும் ரயில் அச்சில் தடிமன் மாறும் இடமெல்லாம் வழவழப்பான வளைவாகத்தான் கடைந்திருக்கும்.

ராங்கின் சொன்னதை அளந்து காட்டியவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர். 1850-களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்தார். எத்தனை சுற்றில் முறியும் என்பது ஒரே ஒரு பெரிய சுமையைப் பொறுத்தது அல்ல, மாறி மாறி வரும் விசையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது என்று கண்டார். ஏற்ற இறக்கம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எஃகு ஏறக்குறைய முடிவில்லாமல் தாங்குகிறது என்றும் கண்டார். உலோக அயர்ச்சி என்ற அறிவுத்துறையே இப்படி ரயில் அச்சிலிருந்து பிறந்ததுதான். விமானமும் பாலமும் அதைப் பிற்பாடு கடன் வாங்கிக்கொண்டன.

வோலரின் எல்லைக்குக் கீழே வடிவமைத்தால் போதும், பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். பரப்பில் குறையே இல்லாத அச்சுக்குத்தான் அந்த எல்லை பொருந்தும். ஓடும் அச்சின் மீது ஜல்லிக்கல் அடிக்கும், துரு குழி பறிக்கும். அதைவிட மோசமானது சக்கரம் இறுகப் பொருத்தப்பட்ட இடம். சக்கரத்தின் நடுத்துளையை அச்சைவிட ஒரு மயிரிழை சிறியதாகக் கடைந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பல டன் விசை கொடுத்து அச்சில் ஏற்றுகிறார்கள். ஆணியோ போல்ட்டோ கிடையாது, இறுக்கம்தான் பிடிப்பு. ஆனாலும் அச்சு வளையும்போதெல்லாம் அந்த இறுக்கத்தின் ஓரத்தில் இரண்டு பரப்புகளும் மைக்ரான் கணக்கில் உரசிக்கொள்ளும். கோடிக்கணக்கான உரசலில் செம்பழுப்புத் தூள் உதிர்ந்து, அதன் அடியில் நுண்ணிய கீறல்கள் விழும். விரிசல் தொடங்க மிகவும் தோதான இடம், கண்ணால் பார்க்கவே முடியாத இடம் என்ற இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அதனால்தான் பணிமனையில் அச்சை ஒலியால் பார்க்கிறார்கள். பேரிங்கைக் கழற்றிவிட்டு, அச்சின் முனைப்பரப்பில் எண்ணெய் தடவி, ஒரு சிறு உணர்கருவியை வைத்து அழுத்துகிறார்கள். அது நொடிக்கு 25 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உள்ளே அனுப்பும். நம் காது நொடிக்கு 20,000 வரைதான் கேட்கும். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். இரண்டேகால் மீட்டர் சொச்சம் நீளமுள்ள அச்சின் மறுமுனை வரை போய்த் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மறுமுனையிலிருந்து வரும் எதிரொலி திரையில் ஒரு கோடாக எழும். அதற்கு முன்பே, இருக்கக்கூடாத இடத்தில் இன்னொரு கோடு எழுந்தால், அந்த ஆழத்தில் இரும்பு தொடர்ச்சி அற்றுக் கிடக்கிறது என்று பொருள். அச்சின் வடிவ மாற்றங்களும் எதிரொலிக்கும். எது வளைவு, எது விரிசல் என்று பிரித்தறிவது அந்தக் கருவியை இயக்குபவரின் பயிற்சி. ஐயம் தெளியவில்லை என்றால் அச்சு ஒதுக்கப்படும். நூற்றுக்கணக்கான நல்ல அச்சுகளுக்கு நடுவே ஒன்றைப் பிடிப்பதற்காக அத்தனையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்புக்கு இடம் கொடுக்காத மனிதர்களை நம்பித்தான் இரவு ரயிலில் நாம் தூங்குகிறோம்.

அச்சுவரை நேராக வந்துவிட்டேன். உண்மையில் அது பெட்டியிலிருந்து பிரிந்து வருவதற்கே பல படிகள் உண்டு. பெட்டி பணிமனைக்குள் வந்ததும் சார்ஜிங் பாயின்ட், மின்விசிறி, இருக்கை மெத்தை, கழிப்பறைக் குழாய் எனக் கழற்றக்கூடியதெல்லாம் கழற்றப்படும். பிறகு இரண்டு கிரேன்கள் சேர்ந்து உடலை அப்படியே மேலே தூக்கும். கீழே இரண்டு போகிகள் தண்டவாளத்திலேயே நின்றுவிடும். பேச்சுவழக்கில் முழுப் பெட்டியையும் போகி என்கிறோம். பணிமனையில் நான்கு சக்கரம், இரண்டு அச்சு, ஸ்பிரிங்குகள் அடங்கிய அடிவண்டிக்குத்தான் அந்தப் பெயர். உடல் அதன்மேல் தன் எடையால் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை கனமான பெட்டி இவ்வளவு எளிதாகப் பிரிவது முதல்முறை பார்ப்பவருக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கும்.

போகியைக் காரநீரில் வேகவைத்து எண்ணெயையும் அழுக்கையும் போக்கி, சட்டத்தில் விரிசல் தேடுவார்கள். பழைய ஐ.சி.எஃப். வகைப் போகியின் சுருள் ஸ்பிரிங்குகளை அளவான எடைக்கு அழுத்தி, எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்து மூன்று பிரிவாக்குவார்கள். மஞ்சள், நீலம், பச்சை என்று பட்டை தீட்டிவிடுவார்கள். ஒரே போகியில் ஒரே நிறம்தான் வரவேண்டும். கலந்து போட்டால் ஒரு சக்கரம் அதிகமாகச் சுமக்கும், இன்னொன்று குறைவாகச் சுமக்கும். குறைவாகச் சுமப்பதுதான் ஆபத்து. எடை இல்லாத சக்கரம் வளைவில் தண்டவாளத்தின் மேல் ஏறப் பார்க்கும்.

சக்கரத்தின் கதை தனி. தண்டவாளத்தைத் தொடும் பரப்பு தட்டையாக இருக்காது, உள்பக்கம் பெருத்து வெளிப்பக்கம் சிறுத்துச் சாய்வாக இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். வளைவிலோ வெளித்தண்டவாளம் நீளமானது. வளைவில் அச்சு சற்று வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். ஸ்டீயரிங் இல்லாமலே வண்டி திரும்பிவிடுகிறது. ஓட்டத்தில் அந்தச் சாய்வு தேய்ந்து குழிவிழுந்தால் இந்த நுட்பம் கெடும். நேர்ப்பாதையிலேயே அச்சு இடவலமாக ஆட ஆரம்பிக்கும். ஆகவே லேத்தில் ஏற்றி வடிவத்தை மீட்கிறார்கள். கடைந்து முடித்ததும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு இடையே குறுக்களவு வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வடிவத்தை மீட்க நல்ல இரும்பையும் சீவி எறிய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை கடையும்போதும் சக்கரம் சிறுக்கிறது. ஐ.சி.எஃப். போகியில் 915 மில்லிமீட்டரில் தொடங்கியது 825-க்கு வந்தால் சக்கரத்தைக் கழிக்க வேண்டும். இதற்கிடையில் இன்னொரு சிக்கல். சக்கரம் சிறுத்தால் பெட்டி தாழும், பக்கத்துப் பெட்டியோடு பஃபர் உயரம் பொருந்தாது. அதற்குப் பணிமனை கண்டுவைத்திருக்கும் தீர்வு மிக எளியது. ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைப்பது. 13, 26, 38, 48 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. குறுக்களவு 26 மில்லிமீட்டர் தேய்ந்தால் பெட்டி அதில் பாதி, 13 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். எனவே முதல் வளையம் 13. பள்ளிக்கூட வடிவியல் இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் பயன்படுவதை நான் அறியேன்.

இனி மேலே தொங்கும் உடலுக்கு வருவோம். அச்சின் பகை அயர்ச்சி என்றால் உடலின் பகை துரு. மரப்பெட்டிக் காலத்தில் அடிச்சட்டம்தான் எடையைச் சுமந்தது. சுவரும் கூரையும் மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு, அவ்வளவே. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரென் நிறுவன வடிவமைப்பில் பெரம்பூரில் செய்யப்பட்ட பெட்டி அப்படியல்ல. தளம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டு, எல்லாமே எடையைப் பங்கிட்டுச் சுமக்கின்றன. தொழிற்சாலையின் பெயரில் உள்ள ‘இன்டெக்ரல்’ குறிப்பது இதைத்தான். பெட்டி இலேசானது, உறுதியும் கூடியது. ஆனால் பக்கச்சுவர் தகட்டின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் துருப்பிடித்துப் போனால் அழகு கெடுவதோடு நிற்காது, அந்த இடத்தில் பெட்டியின் பலத்தில் பாதி போய்விடுகிறது.

எங்கே அரிக்கும் என்பது பணிமனையில் எல்லோருக்கும் மனப்பாடம். கழிப்பறைக்குக் கீழே, கைகழுவும் தொட்டிக்கு அடியில், வாசற்படி ஓரத்தில், பக்கச்சுவர் வளைந்து தளத்தோடு சேரும் இடத்தில். நீர் தேங்கி வெளியேற வழியில்லாத இண்டு இடுக்குகள் அவை. இடுக்குக்குள் இருக்கும் நீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும், வெளியே இருக்கும் நீரில் நிறைய இருக்கும். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலமாகச் செயல்பட்டு, பிராணவாயு குறைந்த உள்பக்கத்து இரும்பைக் கரைக்கும். சிறுநீரிலுள்ள உப்பு அதை வேகப்படுத்தும். கரைந்த இரும்பு துருவாகும்போது முன்பிருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நெம்பித் திறக்கும், இன்னும் நீர் இறங்கும். மேலே தரைவிரிப்பு பளபளவென்றே இருக்கும். ஆகவே விரிப்பையும் பலகையையும் பெயர்த்துவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல தகடு கணீரென்கும், அரித்தது பொத்தென்று பதில் சொல்லும். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைப்பார்கள்.

திறந்த கழிப்பறைக் காலத்தில் இந்த அரிப்பு பெட்டிக்கு மட்டுமல்லாமல் கீழே உள்ள தண்டவாளத்துக்கும் சேர்ந்தே வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட உயிரிக் கழிப்பறைகள் இப்போது ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் வந்துவிட்டன. சுகாதாரத் திட்டமாகவே அதைப் பேசுகிறோம். இரும்பைக் காத்த திட்டமாகவும் அதைப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

துருப்பிடிக்காத எஃகில் உடலைச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. அமெரிக்காவின் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் செய்த பெட்டிகளோடு ‘தி கனேடியன்’ என்ற நெடுந்தூர ரயில் 1955-ல் தொடங்கியது. எழுபது ஆண்டை நெருங்கிய பிறகும் அதே உடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே மின்சாரம், வெப்பமூட்டல் எல்லாம் பலமுறை மாறிவிட்டன, கூடு மாறவில்லை. அமெரிக்காவில் ஆம்ட்ராக் நிறுவனம் விபத்தில் அடிபட்டும் பணமில்லாமலும் ஓரங்கட்டி நிறுத்தியிருந்த 80-க்கும் மேற்பட்ட பெட்டிகளை, 2009-ல் வந்த பொருளாதார ஊக்க நிதியைக் கொண்டு டெலவேரின் பேர், இண்டியானாவின் பீச் குரோவ் ஆகிய பணிமனைகளில் சீர்செய்து திரும்ப ஓடவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை பட் நிறுவனத்தின் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளே. புதுப் பெட்டி வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்போது, உடல் கெடாத பழையது கையில் இருப்பது பெரிய செல்வம்.

நம்மிடமும் அந்தத் திருப்பம் வந்துவிட்டது. ஜெர்மனியின் லிங்க்கே ஹோஃப்மன் புஷ் நிறுவன வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளின் உடலில் துருப்பிடிக்காத எஃகு. பழைய வடிவத்துக்கு 25 ஆண்டு ஆயுள் என்றால் இதற்கு 35. ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டியின் கடைசியை 2018 ஜனவரியில் அனுப்பிவைத்துவிட்டு உற்பத்தியை நிறுத்தியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழையவற்றுக்குப் பாதி ஆயுளில் பெரிய புதுப்பிப்பு ஒன்று உண்டு. போபாலில் அதற்கென்றே 1989 முதல் ஒரு பணிமனை இயங்குகிறது. பயணிகளுக்கு ஆகாத வயது வந்த பெட்டிகளில் ஒரு பகுதி சரக்குக்கு மாறும். ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, முனைச்சுவரில் கதவு வைத்து, உள்ளே கார்களை ஓட்டி ஏற்றும் வண்டியாக மாற்றிவிடுவார்கள்.

பெட்டியும் போகியும் மறுபடி சேர்ந்த பிறகு கடைசியாக பிரேக். ரயில் பிரேக்கில் காற்று செய்யும் வேலையைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வண்டி நெடுகிலும் ஓடும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிடிக்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் செய்த ஏற்பாடு இது. குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும், யாராவது சங்கிலியை இழுத்தாலும் காற்று வெளியேறும், வண்டி தானாக நிற்கும். கெட்டுப்போனால் நிற்கும்படி ஒரு பொருளை அமைப்பது எவ்வளவு பெரிய யோசனை! பணிமனையில் குழாயில் அழுத்தம் ஏற்றிவைத்து எவ்வளவு கசிகிறது, பிரேக் எத்தனை நொடியில் பிடிக்கிறது, எத்தனை நொடியில் விடுகிறது என்று அளந்த பிறகே பெட்டிக்கு விடுதலை.

விடுதலைப் பத்திரத்தைப் பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். இரண்டு பெட்டிகள் சந்திக்கும் முனைச்சுவரில் சிறிய எழுத்தில் பணிமனையின் குறியீடு, பி.ஓ.எச். எனப்படும் முழுப்பராமரிப்பு நடந்த தேதி, திரும்பி வரவேண்டிய தேதி ஆகியவை இருக்கும். நடைமேடையில் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்தால் படிக்கலாம். திரும்பி வரவேண்டிய தேதி கடந்திருந்தால் ரயில்வேயின் 139 எண்ணை அழைத்துக் காரணம் கேளுங்கள். போர்வை அழுக்கு என்று புகார் செய்ய இருக்கும் உரிமை இதைக் கேட்கவும் உண்டு.